கண்ணாடியா, அக்ரிலிக்கா? ஓர் ஆமைத் தொட்டிக்குப் பின்னால் உள்ள வரலாறு

இது கொஞ்சம் நீளமான பதிவு. அவசரமாக இருப்பவர்கள் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு படிக்கலாம்.

நம் பழைய மாணவர் குழுவில் ஒருவர் கேட்டிருந்தார்: "சார், பையன் ஆமை கேட்கிறான். கண்ணாடித் தொட்டி வாங்கவா, அக்ரிலிக் தொட்டி வாங்கவா?" கண்ணாடி உடையும் என்று ஒருவர் சொன்னார். அக்ரிலிக் கீறல் விழும் என்று இன்னொருவர். என் பெரியம்மா மகள் மட்டும், "ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாது" என்று எழுதி விவாதத்தையே முடிக்கப் பார்த்தார். அந்தப் பழமொழியில் வரும் ஆமை பொறாமை, கல்லாமை, முயலாமை ஆகியவற்றைக் குறிக்கிறது என்று தமிழாசிரியர்கள் சொல்வது உண்டு. அதை அவர்களிடமே விட்டுவிடுகிறேன். அமீனாவைப் பற்றி மட்டும் கடைசியில் கொஞ்சம் பேச வேண்டியிருக்கிறது.

நான் வரலாறு நடத்தியவன். எந்தப் பொருளைப் பற்றிக் கேட்டாலும் அது எங்கிருந்து, யாருடைய தேவைக்காக வந்தது என்று பார்ப்பது என் வழக்கம். அப்படிப் பார்த்தால் இந்தக் கேள்விக்கும் விடை கிடைக்கிறது.

கண்ணாடியின் காலம்

தண்ணீருக்குள் வாழும் உயிரைப் பக்கவாட்டில் இருந்து பார்ப்பது மனிதனுக்கு வெகு காலம் வாய்க்கவில்லை. குளத்தையும் தொட்டியையும் மேலிருந்துதான் பார்த்தான். சீனாவில் தங்கமீன்களைப் பீங்கான் தொட்டிகளில் வளர்த்தவர்களும் முதுகைத்தான் பார்த்தார்கள்.

இதை மாற்றியவர்களில் முக்கியமானவர் ஒரு பெண், அதுவும் ஒரு தையற்காரி. பிரான்ஸில் 1794இல் பிறந்த ழான் வில்ப்ரே பவர். பாரிஸில் பெரிய வீட்டுத் திருமணங்களுக்கு ஆடை தைத்தவர், திருமணமாகி இத்தாலியின் சிசிலித் தீவுக்குப் போனார். அங்குள்ள கடலில் ஆர்கோநாட் என்று ஓர் உயிரினம் உண்டு. எட்டுக்கால் கணவாய் வகை. மெல்லிய வெள்ளை ஓட்டுக்குள் வாழும். அந்த ஓடு அதற்குச் சொந்தமா, நண்டு செய்வதுபோல வேறு உயிரின் ஓட்டைத் திருடிக்கொள்கிறதா என்று அறிஞர்கள் நெடுநாளாக வாதாடிக்கொண்டிருந்தார்கள். 1832இல் அவர் கண்ணாடித் தொட்டி அமைத்து, கடல்நீர் நிரப்பி, அந்த உயிரை உள்ளே விட்டுப் பார்த்தார். ஓட்டில் ஒரு துண்டை உடைத்தால் அதுவே சரிசெய்துகொண்டது. ஓடு அதன் சொந்தப் படைப்புதான் என்று நிரூபணமானது. அறிஞர்களின் வாதத்தை முடித்தது ஒரு தையற்காரியின் பொறுமையும், பக்கவாட்டில் பார்க்க இடம் கொடுத்த கண்ணாடியும்தான்.

ஆனாலும் கண்ணாடித் தொட்டி சாதாரண வீடுகளுக்கு உடனே வரவில்லை. காரணம் வரி. இங்கிலாந்தில் ஒரு நூற்றாண்டுக் காலம் கண்ணாடி உற்பத்திக்குக் கலால் வரி இருந்தது, அதுவும் எடையைக் கணக்கிட்டு. கனமான கண்ணாடி என்றால் கனமான வரி. தண்ணீரின் பாரத்தைத் தாங்கக் கனமான கண்ணாடிதான் வேண்டும். 1845இல் பிரதமர் ராபர்ட் பீல் அந்த வரியை நீக்கினார். ஆறே ஆண்டுகளில், 1851இல், லண்டனில் கிரிஸ்டல் பேலஸ் என்னும் கண்ணாடி மாளிகை எழுந்தது. உப்பு வரியைப் பாடமாக நடத்தும்போது சொல்வேனே, ஒரு வரி ஒரு சமூகத்தின் வாழ்க்கையையே திருப்பும் என்று, அதே கதைதான் இதுவும்.

அதே சமயத்தில் 1850இல், ராபர்ட் வாரிங்டன் என்ற லண்டன் வேதியியலாளர் ஒரு சோதனையைப் பற்றி எழுதினார். சுமார் 12 காலன் தண்ணீரில் இரண்டு தங்கமீன், வாலிஸ்நேரியா என்னும் நீர்ச்செடி, சில நத்தைகள். செடி உயிர்வளி தருகிறது, நத்தை அழுகியதைத் தின்கிறது, மீன் பிழைக்கிறது. தண்ணீரை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டியதில்லை. 1853இல் லண்டன் ரீஜண்ட்ஸ் பார்க் விலங்குக் காட்சிசாலையில் மீன் இல்லம் ஒன்று திறந்தார்கள். மறு ஆண்டு பிலிப் ஹென்றி காஸ் எழுதிய 'தி அக்வேரியம்' என்ற புத்தகம் வந்தது. அதற்குப் பிறகு நடுத்தர வீட்டு வரவேற்பறைகளில் எல்லாம் மீன் தொட்டி புகுந்துவிட்டது.

இந்த அலை நம் ஊருக்கும் வந்தது. 1909இல் சென்னை மெரினா கடற்கரையில், மாநிலக் கல்லூரிக்கு எதிரே, கடல்மீன் காட்சியகம் திறந்தார்கள். சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளர் எட்கர் தர்ஸ்டன் முன்னெடுத்த யோசனை அது. அதே 1909இல்தான் தென்னிந்தியச் சாதிகளையும் பழங்குடிகளையும் பற்றிய அவருடைய ஏழு தொகுதிகளும் வெளிவந்தன. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அந்தக் காட்சியகம் மூடப்பட்டது. மெரினாவின் கண்ணாடித் தொட்டிகளைக் காலி செய்த அதே போர்தான், கண்ணாடியின் போட்டியாளனை உலகெங்கும் பரப்பியது.

அதற்குப் போகுமுன் ஒரு சிறு செய்தி. அந்தக் காலத்துத் தொட்டிகள் இரும்புச் சட்டம் போட்டவை. அடியில் பலகைக்கல், மூலைகளில் ஜன்னலுக்குப் பூசும் மக்கு. சட்டம் துருப்பிடிக்கும், மக்கு காய்ந்து ஒழுகும். 1960களில் சிலிக்கான் பசை வந்த பிறகுதான், சட்டமே இல்லாமல் கண்ணாடியோடு கண்ணாடியை ஒட்டும் இன்றைய தொட்டி சாத்தியமானது. கொளத்தூர் கடைகளில் ஒருவர் உட்கார்ந்த இடத்திலேயே ஐந்து கண்ணாடித் துண்டை ஒட்டித் தொட்டியாக்கித் தருகிறாரே, அந்தத் தொழில் அப்படிப் பிறந்ததுதான்.

இரண்டு கண்ணாடிக்கு நடுவே பிறந்த பிள்ளை

அக்ரிலிக் பிறந்த கதை சுவையானது. ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட் நகரில் ஓட்டோ ரோம் என்பவரின் நிறுவனம் உடைந்தாலும் சிதறாத கண்ணாடி செய்ய முயன்றுகொண்டிருந்தது. இரண்டு கண்ணாடிப் பலகைகளுக்கு நடுவே ஒரு திரவத்தை விட்டு இறுக வைத்தால், அது இரண்டையும் பிடித்துக்கொள்ளும் என்பது எண்ணம். திரவம் இறுகியது. ஆனால் கண்ணாடியோடு ஒட்டாமல் தனியே கழன்று வந்தது, தெள்ளத் தெளிவான ஒரு பலகையாக. 1933இல் அதற்கு பிளெக்ஸிகிளாஸ் என்ற வணிகப் பெயரைப் பதிவு செய்தார்கள். இங்கிலாந்தில் ஐ.சி.ஐ. நிறுவனத்தின் வேதியியலாளர்கள் தனியாக உழைத்து அதே பொருளைப் பெர்ஸ்பெக்ஸ் என்ற பெயரில் கொண்டுவந்தார்கள். இன்றும் தரமான அக்ரிலிக் பலகையை இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே ஊற்றித்தான் வார்க்கிறார்கள். கண்ணாடியை வெல்ல வந்த பிள்ளைக்கு இன்னும் கண்ணாடிதான் தொட்டில்.

போர் வந்தது. விமானிக்கு நாலா பக்கமும் தெரிய வேண்டும், ஆனால் விமானம் கனக்கக் கூடாது. அக்ரிலிக்கின் எடை கண்ணாடியில் பாதிகூட இல்லை. சூடாக்கினால் வேண்டிய வடிவத்துக்கு வளையும். பிரிட்டனின் ஸ்பிட்பயர் விமானத்தில் விமானியின் தலைக்கு மேலிருந்த கூடு பெர்ஸ்பெக்ஸ். ஆனால் முகத்துக்கு நேரே குண்டு துளைக்காத கனத்த கண்ணாடி. ஒரே விமானத்தில் இரண்டும் இருந்தன, ஒவ்வொன்றும் அதனதன் வேலைக்கு. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

1940இல் ஒரு பிரிட்டிஷ் விமானியின் கண்களில் உடைந்த பெர்ஸ்பெக்ஸ் துணுக்குகள் பாய்ந்தன. ஹெரால்டு ரிட்லி என்ற கண் மருத்துவர் இத்தகைய காயங்களைப் பார்த்தவர். அந்தத் துணுக்குகள் கண்ணுக்குள் கிடந்தும் கண் அவற்றை எதிர்க்கவில்லை என்பதைக் கவனித்தார். போருக்குப் பிறகு அவர் கண்புரை அறுவைச் சிகிச்சை செய்ததை ஒரு மருத்துவ மாணவர் பார்த்துக்கொண்டிருந்தார். எடுத்த லென்ஸுக்குப் பதில் வேறொன்று வைக்க முடியாதா என்ற பொருளில் அந்த மாணவர் பேசியது ரிட்லியின் யோசனைக்கு உயிர் கொடுத்தது. 1949 நவம்பரில் லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் முதல் செயற்கை லென்ஸை அவர் பொருத்தினார். பொருள் அதே பெர்ஸ்பெக்ஸ். மாணவர்கள் கேட்கும் கேள்வியை அலட்சியப்படுத்தக் கூடாது என்று ஆசிரியர்களுக்கு யாராவது பாடம் எடுத்தால் இந்தக் கதையைச் சொல்லலாம்.

இதன் தொடர்ச்சி நம் மதுரையில் இருக்கிறது. டாக்டர் ஜி. வெங்கடசாமி 1976இல் 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, 1992இல் ஆரோலேப் என்ற பெயரில் லென்ஸ் தயாரிப்பைத் தொடங்கியது. வெளிநாட்டிலிருந்து வந்துகொண்டிருந்த லென்ஸின் விலை பல மடங்கு இறங்கியது. நம் வீட்டுத் தாத்தா பாட்டிகள் பலர் கடைசிவரை கந்தர் சஷ்டிக் கவசத்தைப் புத்தகம் பார்த்துப் படித்தது அந்த அக்ரிலிக் வழியாகத்தான். என் வலது கண்ணிலும் மூன்று வருடமாக அந்தக் குடும்பத்து லென்ஸ்தான் இருக்கிறது. அதனால் அக்ரிலிக்கைப் பற்றி நான் குறைவாகப் பேசிவிடுவேன் என்று யாரும் பயப்பட வேண்டாம்.

மலிவான கிண்ணமும் மலிவான உயிரும்

இனி வருவதுதான் ஆமை வாங்க நினைப்பவர்கள் முக்கியமாகப் படிக்க வேண்டிய பகுதி.

போருக்குப் பிறகு அமெரிக்காவில் பிளாஸ்டிக் மிகவும் மலிந்தது. சில்லறைச் சாமான் கடைகளில் சிறிய பிளாஸ்டிக் கிண்ணம் விற்றார்கள். நடுவில் ஒரு தீவு, தீவில் ஒரு பிளாஸ்டிக் பனைமரம், கூடவே ஒரு ரூபாய் நாணயத்தைவிடக் கொஞ்சம் பெரிய பச்சை ஆமைக்குஞ்சு. கண்ணுக்குப் பின்னால் சிவப்புக் கோடு இருப்பதால் அதைச் செங்காது ஆமை என்பார்கள். இன்று நம் கடைகளில் விற்பதும் பெரும்பாலும் இதுதான். மிசிசிப்பி ஆற்றுப் பகுதி அதன் பூர்வீகம். லட்சக்கணக்கான குழந்தைகளுக்கு அப்பாக்கள் வாங்கிக் கொடுத்தார்கள்.

அந்தக் கிண்ணத்தில் நீந்த இடம் இல்லை, வெயில் இல்லை, வடிகட்டி இல்லை. ஆமைகள் சில வாரங்களிலோ மாதங்களிலோ ஓடு மெலிந்து செத்தன. செத்தால் இன்னொன்று வாங்கிக்கொண்டார்கள், விலைதான் குறைவாயிற்றே. அழுக்குத் தண்ணீரில் சால்மொனெல்லா கிருமி பெருகியது. குழந்தைகள் ஆமையைத் தொட்ட கையை வாயில் வைத்தார்கள், வயிற்றுப்போக்கும் காய்ச்சலும் வந்தன. 1975இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 4 அங்குலத்துக்குக் குறைந்த ஓடுள்ள ஆமைகளை விற்பதற்குத் தடை போட்டது. குழந்தையின் வாய்க்குள் போகிற அளவு ஆமையை விற்கக் கூடாது என்பதுதான் அதன் உள்ளர்த்தம்.

உள்நாட்டில் கதவு அடைபட்டதும் லூசியானா மாநிலத்து ஆமைப் பண்ணைகள் குஞ்சுகளை வெளிநாடுகளுக்கு அனுப்பின. 1990 வாக்கில் நிஞ்சா ஆமைக் கார்ட்டூன் மோகம் வேறு சேர்ந்துகொண்டது, உங்களில் பலர் அதைப் பார்த்து வளர்ந்தவர்கள்தான். வாங்கியவர்கள், குஞ்சு சாப்பாட்டுத் தட்டளவு ஆனதும் ஏரியிலும் கோயில் குளத்திலும் விட்டார்கள். அது அங்கிருந்த ஆமைகளின் உணவையும் வெயில் காயும் இடத்தையும் பிடித்துக்கொண்டது. ஐரோப்பிய ஒன்றியம் 1997இல் அதன் இறக்குமதியை நிறுத்தியது. உலகின் மிக மோசமான 100 ஊடுருவல் உயிர்களின் பட்டியலிலும் அது சேர்ந்தது.

இதில் ஆமையின் குற்றம் ஒன்றுமில்லை. தொட்டி மலிந்தபோது உயிரும் மலிவாகிப் போனது, அதுதான் நடந்தது.

பெரிய கண்காட்சிகளின் பாடம்

இன்னொரு பக்கம் அக்ரிலிக் உயரப் பறந்தது. கண்ணாடியில் நினைத்துப் பார்க்க முடியாத அளவுக்குப் பெரிய ஜன்னல்கள் வந்தன. ஜப்பானின் ஒகினாவாவில் 2002இல் திறந்த சுராவுமி காட்சியகத்தின் பெரிய தொட்டியில் ஒரே சுவர் 8.2 மீட்டர் உயரம், 22.5 மீட்டர் அகலம், 60 சென்டிமீட்டர் கனம். உள்ளே திமிங்கிலச் சுறா நீந்துகிறது. அவ்வளவு கனமுள்ள சாதாரணக் கண்ணாடி பச்சையாக இருளடித்துவிடும், ஏனென்றால் அதில் இரும்புச் சத்து கலந்திருக்கிறது. அக்ரிலிக் அடுக்கடுக்காக ஒட்டினாலும் தெளிவாகவே இருக்கும். சென்னை கிழக்குக் கடற்கரைச் சாலையில் 2019இல் திறந்த காட்சியகத்தில், தலைக்கு மேல் மீன் போகும் சுரங்கப்பாதையில் நடந்திருப்பீர்கள். அதுவும் அக்ரிலிக்தான்.

ஆனால் 2022 டிசம்பர் 16ஆம் தேதி விடியும் முன்பு, பெர்லின் நகரில் ஒரு ஓட்டலின் கூடத்தில் நின்ற அக்வாடோம் என்ற மாபெரும் அக்ரிலிக் உருளை வெடித்துச் சிதறியது. 10 லட்சம் லிட்டர் தண்ணீர், சுமார் 1,500 மீன்கள். தெருவரை வெள்ளம் ஓடியது. பகல் நேரமாக இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே நடுங்குகிறது. ஒட்டு விட்டதா, பராமரிப்பில் பட்ட பள்ளமா, தண்ணீரை வடித்திருந்தபோது பலகை காய்ந்ததா என்று நிபுணர்கள் ஆராய்ந்தார்கள். இதுதான் காரணம் என்று ஒன்றை மட்டும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. உடையாத பொருள் என்று எதையும் நம்பிவிட வேண்டாம்.

சரி, வீட்டுக்கு எது?

என் முடிவு: வீட்டில் ஆமை வளர்க்கக் கண்ணாடி. காரணங்களைத் தேர்வு விடைபோல எண் போட்டே சொல்கிறேன்.

1. கீறல். ஆமை மீன் மாதிரி இல்லை. நகம் உண்டு, கல்லைத் தள்ளும், சுவரில் முட்டி ஏறப் பார்க்கும். அக்ரிலிக் மென்மையானது. அடியில் கிடக்கும் கூழாங்கல், துடைக்கும்போது பஞ்சில் சிக்கிய ஒரு மணல், இரண்டுமே கோடு போடும். மணல் கண்ணாடியையும் கீறும், ஆனால் ஆமை நகம் கண்ணாடியை ஒன்றும் செய்யாது. அக்ரிலிக் கீறலைத் தேய்த்து மெருகேற்றலாம் என்பது உண்மை. தண்ணீரை வடித்து, ஆமையை வேறிடம் மாற்றி, மணிக்கணக்கில் தேய்க்க வேண்டும். வருடா வருடம் யார் செய்வார்கள்?

2. ஆயுள். நன்றாக வளர்த்தால் செங்காது ஆமை 20, 30 வருடம் இருக்கும். பெண் ஆமை 10 அங்குலத்துக்கும் மேல் வளரும். உங்கள் பையன் கல்யாணம் முடித்துப் போன பிறகும் அது உங்கள் வீட்டில் இருக்கும்.

3. விளக்கு. ஆமைக்கு உடம்பைச் சூடேற்ற ஒரு விளக்கும், ஓடு உறுதிப்பட புற ஊதாக் கதிர் தரும் விளக்கும் வேண்டும். அக்ரிலிக் சுமார் 100 டிகிரி வெப்பத்தில் இளகும், சூடான விளக்கு அருகில் இருந்தால் வளையும். இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். ஜன்னலோரம் வைத்துவிட்டால் வெயில் போதும் என்பது தவறு. ஆமைக்கு வேண்டிய புற ஊதாக் கதிரைச் சாதாரணக் கண்ணாடியும் தடுக்கும், கடையில் கிடைக்கும் பெரும்பாலான அக்ரிலிக்கும் தடுக்கும். விளக்கு மேலே திறந்த பக்கத்தில்தான் இருக்க வேண்டும்.

4. விலையும் பழுதும். கண்ணாடித் தொட்டி ஒழுகினால் உள்ளூரிலேயே சிலிக்கான் போட்டுச் சரிசெய்யலாம். அக்ரிலிக்கை ஒட்ட அதற்கென்று உள்ள ரசாயனமும் கைப்பழக்கமும் வேண்டும். ஜன்னல் துடைக்கும் அம்மோனியா திரவம் பட்டாலே அதில் மெல்லிய வெடிப்புகள் விழும்.

அப்படியானால் அக்ரிலிக் யாருக்கு? கைக்குழந்தை ஓடியாடும் வீட்டில், பந்து பறக்கும் கூடத்தில், அடிக்கடி வீடு மாறும் வாடகைக்காரருக்கு. 4 அடிக்கு ஒன்றரை அடி, 10 மில்லிமீட்டர் கனமுள்ள ஒரு பலகை கண்ணாடியில் சுமார் 14 கிலோ, அக்ரிலிக்கில் 7 கிலோவுக்குள். மாடிப்படியில் தூக்குகிறவருக்கு அந்த வித்தியாசம் புரியும். அடிபட்டாலும் சில்லுச் சில்லாகச் சிதறிக் காலைக் கிழிக்காது. ஸ்பிட்பயர் விமானத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளச் சொன்னேனே, இதற்காகத்தான்.

எதை வாங்கினாலும் அளவை ஆமைக்குஞ்சைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். வளர்ந்த ஆமையை நினைத்து வாங்குங்கள். ஓட்டின் ஓர் அங்குலத்துக்குச் சுமார் 40 லிட்டர் என்று வளர்ப்பவர்கள் கணக்குச் சொல்வார்கள். 10 அங்குல ஆமைக்கு 400 லிட்டர், அதாவது 400 கிலோ தண்ணீர். மேசை தாங்குமா, மாடித் தளம் தாங்குமா என்று முதலில் பாருங்கள். ஏறி உட்கார உலர்ந்த மேடு, நல்ல வடிகட்டி, தொட்ட பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவும் பழக்கம் ஆகிய மூன்றும் கட்டாயம். சின்னப் பிள்ளைகளைத் தனியாகத் தொட விடாதீர்கள்.

இப்போது அமீனா. நட்சத்திர ஆமை உள்ளிட்ட நம் நாட்டு ஆமைகளை வீட்டில் வைத்திருப்பது 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். வயலில் கிடைத்தது, கிணற்றில் கிடைத்தது என்று வீட்டுக்குக் கொண்டுவந்தால் வனத்துறையினர் வாசலுக்கு வருவார்கள், பழமொழி பலித்துவிடும். வெளிநாட்டு உயிர்கள் பலவற்றுக்கும் இப்போது பதிவு விதிகள் உண்டு. வாங்குமுன் வனத்துறை அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேளுங்கள். பிறகு சலித்துப் போனாலும் தயவுசெய்து கோயில் குளத்திலோ ஏரியிலோ விடாதீர்கள், அது புண்ணியம் ஆகாது.

30 வருடம் ஓர் உயிரைப் பார்த்துக்கொள்ள வீட்டில் எல்லோருக்கும் சம்மதமா என்று கூடி உட்கார்ந்து பேசுங்கள். சம்மதம் என்றால் கண்ணாடித் தொட்டி, முடிந்தவரை பெரியது. தயக்கம் என்றால் பையனை ஒரு ஞாயிற்றுக்கிழமை வண்டலூருக்கு அழைத்துப் போங்கள். அங்கே ஆமைகளை வேண்டிய மட்டும் பார்க்கலாம்.

வழக்கம்போல வீட்டுப்பாடம் உண்டு. உங்கள் வீட்டில் கண்ணாடி இருந்த இடத்துக்கு அக்ரிலிக்கோ பிளாஸ்டிக்கோ வந்த ஒரு பொருளைச் சொல்லுங்கள், எந்த ஆண்டு வாக்கில் மாறியது, ஏன் மாறியது என்பதோடு. அரிக்கேன் விளக்குக் கூண்டு, ஊறுகாய் ஜாடி, மூக்குக் கண்ணாடி என்று எதுவாகவும் இருக்கலாம். பின்னூட்டத்தில் எழுதுங்கள். நன்றாக எழுதுபவருக்கு வழக்கமான பரிசு, என் கையெழுத்தில் ஓர் அஞ்சலட்டை.

அன்புடன்,
உங்கள் வரலாற்று ஆசிரியர்